உன் மகளைப் பற்றி நீ கேட்டதற்கு

அன்புத் தோழிக்கு,

உன் நீண்ட கடிதம் வந்து சேர்ந்தது. ஃபோனில் பேசினால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தாய். நல்லதுதான். எனக்கும் இந்த விஷயத்தைப் பேசுவதைவிட எழுதுவது சுலபம்.

என் பக்கத்துச் செய்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. மகன் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுகிறான். தேடுகிறேன் என்று சொல்லிவிட்டு மத்தியானம் வரை தூங்குகிறான். எனக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி வந்துவிட்டது. உன் அம்மா கீழே விழுந்த சேதி கேட்டு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. இந்த வயதில் இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து எழுந்து நாலடி வைத்திருக்கிறார்களே, அதுவே பெரிசு. என் தோல் நோயை, அந்த சோரியாசிஸைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது எங்கே போகும், என்னோடுதான் இருக்கிறது. முழங்கைகளில் கொஞ்சம், காதுக்குப் பின்னால் தலைமுடிக்குள் கொஞ்சம். குளிர் வந்தால் கூடும், அப்புறம் அடங்கும்.

சரி, உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன்.

தொண்டைப்புண் வந்துபோன சில வாரத்தில் உடம்பு முழுக்கப் பொட்டுப் பொட்டாகச் சிவந்து கிளம்பியது என்று எழுதியிருக்கிறாய். பிள்ளைகளுக்கு சோரியாசிஸ் இப்படித் தொடங்குவது உண்டு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வரும் தொண்டைப்புண் அதைக் கிளப்பிவிடும். சிலருக்குச் சில மாதங்களில் தானாக மறைந்துவிடும், சிலருக்குத் தங்கிவிடும். முழங்காலிலும் தலையிலும் தடித்து, வெள்ளி நிறத்தில் செதில் உதிர்கிறது என்று நீ சொல்வதைப் பார்த்தால் அவளுக்குத் தங்கிவிட்டது. நீ எதையோ கவனிக்காமல் விட்டதால் வந்துவிட்டதோ என்று இரவெல்லாம் யோசிக்கிறாயாமே, அதை முதலில் நிறுத்து. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தப்பாக முடுக்கிவிடுவதால், ஒரு மாதம்போல எடுத்து மேலே வந்து உதிர வேண்டிய தோல் செல்கள் சில நாட்களிலேயே வந்து குவிந்துவிடுகின்றன. அவ்வளவுதான் நடக்கிறது. இதில் பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு, உன் கவனிப்புக்கு ஒரு பங்கும் கிடையாது.

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் வெளியே வரவே மாட்டேன் என்கிறாள், வந்த பிறகு அவளிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தாய். என்ன சொல்வது என்பது பிறகு. "எல்லாம் சரியாகிவிடும் கண்ணு" என்று மட்டும் சொல்லாதே.

எனக்கு அதைச் சொல்லாத ஆளே கிடையாது. அம்மா சொன்னாள், அத்தைகள் சொன்னார்கள், வீட்டுக்கு ஒருமுறை வந்துபோனவர்கள்கூடச் சொன்னார்கள். எல்லாரும் பாசத்தில்தான் சொன்னார்கள். ஆனால் நான் அதை நம்பினேனே, அங்கேதான் சிக்கல். தோல் சரியானதும் அரைக்கைச் சட்டை போட்டுக்கொள்ளலாம், நீச்சல் கற்றுக்கொள்ளலாம், முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளலாம், மேடை ஏறிப் பேசலாம் என்று ஒவ்வொன்றாக ஒத்திப்போட்டேன். புது ஆயின்மென்ட் வாங்கும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு தேதி குறித்துக்கொள்வேன். அந்தத் தேதி வந்து போகும். செதில் அப்படியே இருக்கும். அப்போது வரும் சோர்வு இருக்கிறதே, அரிப்பு அதன் பக்கத்தில் நிற்க முடியாது. கண்ணாடி போட்ட பிள்ளையிடம், பார்வை சரியாகட்டும் அப்புறம் படிக்கலாம் என்று யாராவது சொல்வார்களா? என்னிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லைதான். ஆனால் எங்கள் வீடு முழுக்க அந்தக் காத்திருப்புதான் இருந்தது, நானும் சேர்ந்து காத்திருந்தேன்.

மருந்தில் நம்பிக்கை வைக்காதே என்று சொல்வதாக நினைத்துக்கொள்ளாதே. நம் காலத்தில் எனக்குக் கிடைத்தது தார் வாடை அடிக்கும் களிம்பும் ஸ்டீராய்டு க்ரீமும்தான். இப்போது புற ஊதாக் கதிர் சிகிச்சை இருக்கிறது, எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்து இருக்கிறது, நோயைக் கிளப்பும் குறிப்பிட்ட புரதங்களை மட்டும் குறிவைத்துத் தடுக்கும் பயாலஜிக் ஊசிகள் வந்திருக்கின்றன. கடுமையாக இருக்கும் பிள்ளைகளுக்குப் போடலாம் என்று அனுமதி பெற்றவையும் அவற்றில் உண்டு. நிறையப் பேருக்குத் தோல் நன்றாகவே தெளிந்துவிடுகிறது. ஆனால் அடங்குவது வேறு, ஒரேயடியாக ஒழிவது வேறு. அவளுக்குப் பதினைந்து வயது. "இது வரும் போகும், அடக்கி வைக்க வழி இருக்கிறது" என்று உள்ளதைச் சொன்னால் தாங்குவாள். யார் யாரோ சொல்லும் பொடி, லேகியம் பக்கம் மட்டும் போய்விடாதே. அதில் ஸ்டீராய்டைக் கலந்திருந்தால் சட்டென்று குறைகிற மாதிரி காட்டும், நிறுத்தினதும் முன்னைவிட மோசமாகக் கிளம்பும்.

அந்த வயதில் இது எப்படி இருக்கும் என்று உனக்குப் பாதிதான் தெரியும், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும். கடைசி பெஞ்சு வேண்டுமென்று நான் அடம்பிடித்ததை நீ சோம்பேறித்தனம் என்று கேலி செய்வாய். பின்னால் யாரும் உட்கார்ந்து என் காலரைப் பார்க்கக் கூடாது என்பதுதான் காரணம். கறுப்பு ஸ்வெட்டர் போட வேண்டிய நாட்களில் வகுப்புக்குள் நுழையும் முன் இரண்டு தோளையும் தட்டிவிட்டுக்கொள்வேன். தட்டினால் உதிர்ந்தது கையில் ஒட்டும், கையைப் பாவாடையில் துடைப்பேன், இப்போது பாவாடையில் தெரியும். தலை எவ்வளவு அரித்தாலும் விரலைக் கொண்டுபோகாமல் இருக்கப் பழகினேன். எழுந்ததும் நாற்காலியைத் திரும்பிப் பார்த்து ஊதிவிடுவேன். ஒருத்தி என் நோட்டைத் திருப்பித் தரும்போது ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து நீட்டினாள். அவள் முகம்கூட மறந்துவிட்டது, அந்த இரண்டு விரல் மறக்கவில்லை. இதெல்லாம் போக, மனசில் ஒரு பாதி எப்போதும் யார் எங்கே பார்க்கிறார்கள் என்பதிலேயே இருக்கும். பாடம் மீதிப் பாதிக்குத்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து காரணமே இல்லாமல் எரிந்து விழுவேன். உன் மகள் கதவை அறைந்து சாத்துகிறாள் என்று எழுதியிருக்கிறாயே, அது திமிர் இல்லை. நாள் முழுக்கக் காவல் காத்த அலுப்பு.

நீ மறந்திருக்கலாம். ஒரு நாள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "வலிக்குமா?" என்று கேட்டாய். அரிக்கும் என்றேன். "சரி, அந்த மூணாவது கணக்கைக் காட்டு" என்றாய். கையை உடனே விட்டுவிடக்கூட இல்லை. அதற்கப்புறம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் எனக்குக் காவல் வேலை இல்லாமல் போயிற்று.

அதே நீதான் இப்போது தினமும் காலையில் உன் மகளின் முழங்கையைத் தூக்கிப் பார்க்கிறாய். கோபித்துக்கொள்ளாதே, நீயே எழுதியதைத்தான் சொல்கிறேன். "இன்னைக்குக் குறைஞ்சிருக்கா?" என்று கேட்கும்போது அவள் காதில் அது மார்க் கேட்பதுபோல விழும். குறைந்திருந்தால் பாஸ், கூடியிருந்தால் ஃபெயில். வெளியே இருக்கிற கண்கள் போதாதென்று வீட்டிலும் ஒரு ஜோடி. வாரத்தில் ஒரு நேரத்தை அவளையே சொல்லச் சொல், தோலைப் பற்றி அப்போது மட்டும் பேசுங்கள். மற்ற நேரத்தில் அவள் பார்க்கும் படம், படிக்கும் கதை, சண்டை போட்ட தோழி, இவற்றைப் பற்றிப் பேசு. ஆயின்மென்ட் அவள் கையில் இருக்கட்டும். முதுகுக்கு மட்டும் உன்னைக் கூப்பிடுவாள். ஒரு நாள் தடவ மறந்தால் வீடு இடிந்துவிடாது. பிசுபிசுவென்று ஒட்டுவதை ராத்திரி ராத்திரி பூசிக்கொண்டு படுப்பது பெரியவர்களுக்கே சலித்துப்போகும்.

சொறிந்தால் கையில் அடிக்கிறாயாம். அதில் உன் பயம் புரிகிறது. சொறிந்த இடத்தில், கீறல் பட்ட இடத்தில் புதிதாகத் திட்டு வரும் என்பது உண்மைதான். ஹைன்ரிஷ் கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1870களிலேயே அதைக் கவனித்து எழுதியிருக்கிறார், அவர் பெயரில்தான் இன்றும் டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆனால் அரிப்பு அடித்தால் அடங்குமா? நகத்தைக் குட்டையாக வெட்டிக்கொள்ளட்டும். குளித்த ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவட்டும். தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு அரித்தால் டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள். இன்னொன்று, "டென்ஷன் ஆகாதே, டென்ஷன் ஆனால்தான் கூடும்" என்கிற உபதேசம். மன அழுத்தத்தில் நோய் கூடுவது வாஸ்தவம். ஆனால் அதை ஒரு பிள்ளையிடம் சொன்னால் இரண்டு பாரம் ஆகிவிடுகிறது, கூடினதும் அவள் தப்பு, அதற்காக அழுததும் அவள் தப்பு.

டாக்டரிடம் போகும்போது ஒன்று செய். குழந்தைகளுக்கென்று பத்துக் கேள்வி கொண்ட ஒரு தாள் இருக்கிறது, 1995இல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதித் தோல் மருத்துவர்கள் உருவாக்கியது, பதினாறு வயது வரைக்குமானது. போன வாரம் எவ்வளவு அரித்தது என்று ஆரம்பித்து, எவ்வளவு வெட்கப்பட்டாய், தோலுக்காக வேறு உடை மாற்றினாயா, விளையாட்டையோ நீச்சலையோ தவிர்த்தாயா, யாராவது பட்டப்பெயர் வைத்தார்களா, தூக்கம் கெட்டதா, மருந்து போடுவதே தொல்லையாக இருந்ததா என்றெல்லாம் கேட்கும். மொத்தம் முப்பது மதிப்பெண்; கூடக் கூட வாழ்க்கை அவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தாளைக் கேட்டு வாங்கு. அவளே நிரப்பட்டும், நீ எட்டிப் பார்க்காதே. எத்தனை இடத்தில் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து வைத்தியம் முடிவாகக் கூடாது. முழங்காலில் இருக்கும் பெரிய திட்டைவிட நெற்றி ஓரத்துச் சின்னத் திட்டு ஒரு பெண்ணை அதிகமாகப் படுத்தும். டாக்டரிடம் கொஞ்ச நேரம் அவளைத் தனியாகப் பேசவும் விடு. காலையில் எழுந்ததும் மூட்டு பிடித்துக்கொண்டு வலிக்கிறது என்றால் அதையும் மறக்காமல் சொல்லச் சொல். சோரியாசிஸ் சிலருக்கு மூட்டிலும் வரும்.

யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நான் பல வருஷம் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு கதை சொன்னேன், அலர்ஜி, பூச்சிக்கடி, சூடு. யாரிடம் எதைச் சொன்னேன் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது "சோரியாசிஸ். ஒட்டாது" என்பதோடு முடித்துக்கொள்கிறேன். 2014இல் உலக சுகாதாரப் பேரவையே இதற்கென்று தனித் தீர்மானம் போட்டு, தொற்றாத நோய் என்று சொல்லியாகிவிட்டது. இன்னும் என் அலுவலகத்தில் ஒருவர் நான் தொட்ட ஃபைலை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். பார்க்கட்டும். ஆனால் பள்ளியில் கேலி தொடர்ந்தால் அதை உன் மகள் தலையில் விடாதே, நீ போய்ப் பேசு. "கண்டுக்காதே" என்பது பெரியவர்கள் தங்கள் வேலையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும் பேச்சு.

அழுவாள், கோபப்படுவாள், அதெல்லாம் போகட்டும். ஆனால் முன்பு ஆசையாகச் செய்ததையெல்லாம் விட்டுவிட்டாள், தூக்கமோ சாப்பாடோ மாறிப்போயிற்று, பள்ளிக்கே போகமாட்டேன் என்கிறாள், இருந்து என்ன பிரயோஜனம் என்ற மாதிரி பேசுகிறாள் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டுவிடு, கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. உடனே மனநல டாக்டரிடம் கூட்டிப் போ. இந்த நோய் உள்ள பிள்ளைகளுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது, தோல் டாக்டர்களுக்கும் அது தெரியும். எனக்கு அப்படியொரு வருஷம் இருந்தது. அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை, இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன்.

ஆண்டு விழாவுக்குக் கறுப்பு உடை வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள், செதில் தெரியுமே என்று நீ வேண்டாம் என்றாய், அதில்தான் கடைசியாகச் சண்டை வந்தது என்று எழுதியிருந்தாய். வாங்கிக் கொடு. தெரியும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்கிறாள். எனக்கு அந்தத் தைரியம் வர நாற்பது வயது ஆயிற்று.

என் முகவரியை அவளிடம் கொடு. எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுதட்டும், கட்டாயப்படுத்தாதே. அவள் எழுதுவதை உன்னிடம் சொல்லமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன், பிறகு வருத்தப்படாதே. அம்மாவுக்கு ஃபிசியோதெரபி வீட்டுக்கே வந்து செய்கிறார்களா, இல்லை நீதான் அழைத்துக்கொண்டு அலைகிறாயா? அதையும் எழுது.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சு சிநேகிதி