பெரிய தொகை: காசோலையா, கார்டா, வங்கிப் பரிமாற்றமா?

ஆசிரியருக்கு,

கார் வாங்குவது, வீட்டுக்கு முன்பணம் கொடுப்பது போன்ற பெரிய தொகைகளைப் பற்றிப் பேச்சு வந்தால், எதில் கட்டணம் குறைவு, எது சீக்கிரம் போய்ச் சேரும் என்பதோடு நின்றுவிடுகிறது. தப்பு தெரியவந்தால் பணத்தை யார் நிறுத்த முடியும், எதுவரை நிறுத்த முடியும் என்பதை அல்லவா முதலில் கேட்க வேண்டும்?

காசோலையைக் கொடுத்தவர், அது பணமாகும் முன் தன் வங்கிக்குச் சொல்லி நிறுத்தலாம். வில்லங்கம் காசோலையைப் பெறுகிறவருக்குத்தான். காசோலையைப் போட்டதும் தொகை கணக்கில் ஏறியதாகக் காட்டலாம். கொடுத்தவரின் வங்கி திருப்பி அனுப்பினால் ஏறியது இறங்கிவிடும். விலைக்கு மேல் காசோலை எழுதிக் கொடுத்து, "மிச்சத்தை அனுப்பிவிடுங்கள்" என்று கேட்கும் மோசடி இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. வரைவோலையிலும் போலி உண்டு. சரிபார்க்கக் கூப்பிடும்போது தாளில் அச்சிட்ட எண்ணை விட்டுவிட்டு, வங்கியின் இணையதளத்திலிருந்து எண்ணை எடுங்கள். போலியை அச்சடித்தவன் தொலைபேசி எண்ணை மட்டும் நிஜமாகவா போட்டிருப்பான்?

இன்னும் கைக்கு வராத பொருளுக்கு முன்பணம் என்றால் கிரெடிட் கார்டுதான் சரி. பொருள் வரவில்லையென்றால் கார்டு தந்த வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதற்குப் பெரும்பாலும் 120 நாள் கெடு. டெபிட் கார்டிலும் இந்த வழி உண்டு, ஆனால் விசாரணை முடியும்வரை முடங்கிக் கிடப்பது உங்கள் சொந்தக் காசு. கார்டுக்கென்று விற்பவர் 2 சதவீதம் கூடுதலாகக் கேட்டால், முன்பணத்தை மட்டும் கார்டில் கட்டிவிட்டு, மீதியைப் பொருளை வாங்கும் அன்று பரிமாற்றத்தில் அனுப்பலாம்.

பரிமாற்றத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும். அனுப்பியதை உங்கள் விருப்பத்துக்குத் திரும்ப எடுக்க முடியாது. பல நாடுகளில் வெகுகாலம் கணக்கு எண்ணை மட்டுமே பார்த்தார்கள். பெயர் கட்டத்தில் எதை எழுதினாலும் பணம் போய்விடும். பிரிட்டனில் 2020 முதலும், யூரோ நாடுகளில் 2025 அக்டோபர் முதலும் பெயரை ஒப்பிட்டுக் காட்டுகிறார்கள். இந்தியாவில் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் என்ற இரண்டு பரிமாற்ற முறைகளிலும் 2025 ஏப்ரல் 1-க்குள் பெயரைப் பார்க்கும் வசதி தரும்படி ரிசர்வ் வங்கி சொன்னது. பெயர் பொருந்தவில்லை என்று திரையில் வந்த பிறகும் அடுத்த பொத்தானைத் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வசதி இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஐபேன் என்ற சர்வதேச வங்கிக் கணக்கு எண்ணில் நாட்டுக் குறியீட்டை அடுத்துள்ள இரண்டு இலக்கங்கள் தட்டச்சுப் பிழையைக் காட்டிக்கொடுக்கும். மோசடிக்காரர் பிழையில்லாமல் தரும் எண்ணுக்கு அவற்றிடம் பதில் இல்லை.

பெறுகிறவரை இரண்டு மூன்று நாள் முன்பே உங்கள் கணக்கில் சேர்த்துவிடுங்கள். புதியவருக்குப் பெரிய தொகை அனுப்பப் பல வங்கிகள் உடனே விடுவதில்லை. பிறகு 17.43 போல ஒரு சில்லறைத் தொகையை அனுப்பி, "எவ்வளவு வந்தது?" என்று போனில் கேளுங்கள். தொகையை நீங்கள் சொல்லக் கூடாது. அவர் தன் கணக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கூப்பிடும் எண்ணும் முன்பே உங்களிடம் இருந்த எண்ணாக இருக்கட்டும். "எங்கள் கணக்கு மாறிவிட்டது" என்று கடைசி நேரத்தில் மின்னஞ்சல் வந்தால், அதிலிருக்கும் எண்ணில் எடுத்துப் பேசுகிறவர் அதை அனுப்பிய ஆளேதான்.

விற்பவர்கள் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிச் சாவியைக் கொடுக்க வேண்டாம். அதைத் திருத்துவது ஐந்து நிமிட வேலை. உங்கள் வங்கிச் செயலியில் இருப்பு ஏறியதைப் பார்த்த பிறகு கொடுங்கள்.

தப்பான கணக்குக்குப் போய்விட்டால், பெற்றவரிடம் பேசிப் பார்க்கலாம் என்று ஒரு நாளைக் கழிக்காதீர்கள். பரிவர்த்தனை எண்ணோடு உடனே உங்கள் வங்கியின் மோசடிப் பிரிவைக் கூப்பிடுங்கள். அந்தப் பக்கத்து வங்கி முடக்க முடிவது, அந்த நேரத்தில் கணக்கில் மிச்சமிருப்பதை மட்டுமே.

– வாசகர் ஒருவர்