ஆச்சியின் ஆயிரத்தை நிறைத்தவர்களுக்கு

கடையத்துப் பக்கம் எங்கள் தெருவில் இருக்கும் அத்தைமார், மதினிமார், மாமாமார், தம்பிமார் எல்லோருக்கும் வணக்கம்.

கார்த்திகை அடைமழையில் எங்கள் ஆச்சி போய்ச் சேர்ந்தாள். பதினாறாம் நாளும் முடிந்துவிட்டது. கேதம் கேட்க வந்தவர்களிடம் நின்று ஒரு வார்த்தை பேச அப்போது முடியவில்லை. வாயைத் திறந்தாலே அழுகைதான் வந்தது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். நன்றி என்ற சொல்லே ஆச்சிக்குப் பிடிக்காது. "நாளைக்கு அவ வீட்ல ஒண்ணுன்னா நாம போய் நிக்கப் போறோம், இதுல என்னட்டி நன்றி" என்பாள். எனக்கு அப்படி விட மனசு வரவில்லை.

முதலில் பழைய கடனைச் சொல்ல வேண்டும். நம் தெருவில் இன்று இருக்கும் பிள்ளைகளுக்கு இது தெரியாது.

1989இல் தாத்தா காய்ச்சலில் செத்துப்போனபோது ஆச்சிக்கு நாலு பிள்ளைகள். மூத்தவள் என் அம்மாவைக் கட்டிக்கொடுத்தாயிற்று, நான் கைக்குழந்தை. கடைசிச் சித்திக்கு மூன்று வயது. ஆச்சியிடம் இருந்த ஒரே சொத்து பீடிக் கம்பெனிப் பாஸ் புத்தகம், சுற்றிக்கொடுக்கும் பீடிக்குக் கணக்கு ஏறும் புத்தகம். தொடர்ந்து பீடி போடாவிட்டால் பாஸை எடுத்துவிடுவார்கள் என்ற பயம் அப்போது எல்லோருக்கும் உண்டு. பாஸ் போனால் கூலியோடு பி.எஃப். பணமும் நின்றுபோகும். தாத்தா போன துக்கம், அது ஆறுவதற்குள் மஞ்சள் காமாலை. மூன்று மாதம் ஆச்சி சுளவை, பீடி சுற்றும் முறத்தை, மடியில் வைக்கவே இல்லை.

ஆனாலும் அவள் பாஸில் வரவு நிற்கவில்லை. தெருவில் பத்துப் பெண்கள் தங்கள் பாட்டை முடித்த பிறகு ஆளுக்கு நாலு கட்டு ஆச்சிக்காகச் சுற்றினார்கள். கட்டுக்கு 25 பீடி, நாற்பது கட்டு ஆயிரம். பத்துப் பேர் நாலு கட்டு வீதம் போட்டால் ஆயிரம் நிறைந்துவிடும். கேட்பதற்குச் சின்னக் கணக்காக இருக்கும். காலையிலிருந்து குனிந்து உட்கார்ந்து, கழுத்தும் இடுப்பும் கழன்றுபோன பிறகு, இன்னும் நூறு பீடி என்றால் அது ஒரு மணி நேரத்துக்கு மேல். பிள்ளைகளுக்குச் சோறு போடும் நேரம் அது. அந்த நேரத்தைத்தான் கொடுத்தார்கள். கூலியையும் அப்படியே ஆச்சி கையில் கொடுத்தார்கள்.

அந்தப் பத்துப் பேரில் ஆறு பேர் இன்று இல்லை. மூணாம் வீட்டு அத்தை, வேப்பமரத்து வீட்டு அத்தை, பள்ளிக்கூடத்துச் சந்துப் பெரியம்மை, பாத்திமா வீட்டுப் பெரியத்தா என்று மிச்சமிருக்கும் நாலு பேரும் ஆச்சியைக் குளிப்பாட்ட வந்தீர்கள். மஞ்சள் தேய்க்கும்போது மூணாம் வீட்டு அத்தை ஆச்சியின் வலதுகைப் பெருவிரலைப் பிடித்துக்கொண்டே இருந்தார். இலையை உருட்டி உருட்டி ரேகை தேய்ந்துபோன விரல். ரேஷன் கடை மெஷின் அந்த விரலை ஏற்காமல் எத்தனையோ முறை ஆச்சியைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

ஆச்சி எந்த வருசம் பிறந்தாள் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயல் வருசம்தான் தனக்குக் கல்யாணம் என்பாள். அப்படியென்றால் 1964. பெண் பார்க்க வந்தவர்கள், சமைக்கத் தெரியுமா என்று கேட்கும் முன்னால் நாளைக்கு எத்தனை பீடி சுற்றுவாள் என்று கேட்டார்களாம். ஒன்பது வயதில் பீடி முனை மடக்க உட்கார்ந்தவளுக்கு அந்தக் கேள்வி தப்பாகவே படவில்லை. "ஆயிரம்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து இவளே சொல்லிவிட்டாளாம். அதை அவள் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வரும். எனக்குத்தான் வயிற்றைப் பிசையும்.

ராத்திரி பீடி இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பாள். மத்தியப் பிரதேசம், ஒடிசா என்று நாங்கள் பார்த்தே இராத காடுகளிலிருந்து வரும் இலை அது. விடியுமுன் எழுந்து தகட்டை வைத்துக் கத்திரியால் வெட்டத் தொடங்குவாள். கத்திரிச் சத்தம்தான் எங்களுக்கு அலாரம். இலை ஓட்டையும் நரம்புமாக வந்தால் கம்பெனி கொடுத்த எடைக்கு ஆயிரம் தேறாது. கைக்காசு போட்டு இலை வாங்கித்தான் கணக்கை முடிக்க வேண்டும். அப்படி நாள் கழிந்தால் அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பாடு குறையும். எங்கள் தட்டு குறைந்ததில்லை.

நான் ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளுக்கு 800 என்று குறைத்தே வைத்தாலும், வருசத்துக்கு 300 நாள், 60 வருசம்: ஒரு கோடியே 44 லட்சம் பீடி. அதில் ஒன்றைக்கூட அவள் வீட்டில் யாரும் பற்றவைக்க விட்டதில்லை. அந்தப் புகையிலைத் தூள் நெஞ்சை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். இருமல் வந்தபோதெல்லாம் முக்கூடலில் இருக்கும் பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவாள். அங்கே அவளிடம் முகம் சுளிக்காமல் பேசிய நர்ஸ் அக்காமாருக்கும் என் கும்பிடு.

1976ஆம் வருசச் சட்டத்தில் பீடித் தொழிலாளர் நல நிதி என்று ஒன்று வந்தது. அந்த நிதியிலிருந்து வந்த படிப்பு உதவித்தொகையில்தான் எனக்கு நோட்டும் யூனிபாரமும். விண்ணப்பத்தை வருசா வருசம் நிரப்பிக்கொடுத்த சார், உங்களுக்கு என்னை நினைவிருக்குமோ என்னவோ. நான் இப்போது பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன் சார். உங்களைப் போலவே பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்புகிறேன்.

அப்புறம் பீடிச் சங்கத்து அண்ணன். ஆச்சியின் பெயர் பாஸில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, வயது இரண்டிலும் வேறு வேறு. பென்சன் வராமல் இழுத்தடித்தார்கள். அண்ணன் தன் வேலையை விட்டுவிட்டுத் திருநெல்வேலிக்கும் இங்கேயுமாக அலைந்து வாங்கிக் கொடுத்தார். பஸ் காசுகூட வாங்கவில்லை. மாதம் ஆயிரம் ரூபாய். 2014இல் அரசாங்கம் வைத்த குறைந்தபட்சத் தொகை அது. அறுபது வருச உழைப்புக்கு அது போதுமா என்றால் போதாது. அது ஆச்சி தப்பும் இல்லை, அண்ணன் தப்பும் இல்லை. ஆனால் முதல் மாதப் பணத்தை அவள் பாதியாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு தெரு முழுக்க நடந்தாளே, அந்த நடை அண்ணன் கொடுத்தது.

கடைசி நாட்களைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வந்த 108 தம்பிகள், திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி வார்டில் ஒன்பது நாள் பார்த்துக்கொண்ட டாக்டர்கள், ரத்தம் வேண்டும் என்றதும் காலேஜிலிருந்து வந்து நின்ற நாலு பையன்கள், உங்கள் யாருக்கும் அவளைத் தெரியாது. தெரியாதவளுக்குச் செய்தீர்கள்.

ஆச்சியைக் கொண்டுவந்த அன்று மழை விடவே இல்லை. தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு விடியவிடிய நின்ற மேலத்தெருப் பையன்களே, உங்களில் பாதிப்பேருக்குச் சளி பிடித்ததாக அப்புறம்தான் கேள்விப்பட்டேன். பாத்திமா வீட்டிலிருந்து மூன்று நாளும் எங்களுக்குச் சாப்பாடு வந்தது. பொட்டல்புதூர் தர்கா கந்தூரிக்கு வருசம் தவறாமல் அந்தப் பெரியத்தாவோடுதான் ஆச்சி போவாள். நீர்மாலைக்கு அந்தச் சேற்றில் நடந்தவர்கள், நெய்ப்பந்தம் பிடித்த பேரப்பிள்ளைகளின் தலைக்குக் குடை பிடித்தவர்கள், எல்லோரையும் நினைத்துக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று. கண் மங்கிய பிறகும் ஆச்சி அம்மாவின் பாஸுக்காகக் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் இருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்னால் அவள் கட்டி வைத்தது 11 கட்டு. அது அப்படியே சுளவில் இருந்தது. அம்மாவால் அதைத் தொட முடியவில்லை. மறுவாரம் பார்த்தால் பக்கத்தில் 29 கட்டு சேர்ந்திருக்கிறது. யார் சுற்றினது என்று சொல்லக் கூடாதென்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறீர்களாம். சரி, நான் கேட்கவில்லை. ஆயிரமாக நிறைத்துக் கம்பெனியில் போட்டாயிற்று.

தை அமாவாசைக்குப் பாபநாசம் போகிறோம். வேன் பேசியிருக்கிறது, காலை ஐந்து மணிக்குப் பிள்ளையார் கோவில் முன்னாலிருந்து கிளம்பும். ஆச்சியோடு திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றிய எல்லோருக்கும் அதில் இடம் வைத்திருக்கிறேன். ஒரு நாள் சுளவை இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.