கிளினிக்குக்குப் போகலாமா என்று கேட்டாயே

சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம், வர முடியாததற்கு நேரில் வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

சரி, தம் விஷயம். புகை நிறுத்தும் கிளினிக்கெல்லாம் சும்மா பேச்சு என்கிறாய். முழுக்க அப்படி இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1986-இல் தொடங்கி, நுரையீரல் லேசாகக் கெட்டுப்போயிருந்த 5887 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். ஒரு பகுதியினருக்கு பத்து வாரத்தில் 12 கூட்டம், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், கூடவே நிகோட்டின் சூயிங்கம். மிச்சப்பேரை வழக்கம்போல அவரவர் டாக்டரிடமே விட்டுவிட்டார்கள். ஐந்து வருஷம் கழித்தும் தொடாமல் இருந்தவர்கள் கிளினிக் பக்கம் 100-க்கு 22 பேர், அந்தப் பக்கம் 5 பேர்தான். 78 பேர் என்ன ஆனார்கள் என்று உடனே கேட்பாய், உன் குணம் தெரியாதா? ஆனால் 14 வருஷம் கழித்துப் பார்த்தபோது, அந்த 78 பேரையும் சேர்த்துக் கணக்குப் போட்டும்கூட, கிளினிக் குழுவில் சாவு குறைவாகத்தான் இருந்தது. எனக்கு அது போதும்.

ஒன்று மட்டும் உஷாராக இரு, கிளினிக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் கணக்கு பெரும்பாலும் நாலு வாரத்துக்கானது. இங்கிலாந்தின் அரசு சேவையை ஆராய்ந்தபோது நாலாவது வாரத்தில் பாதிப் பேர் விட்டிருந்தார்கள், ஒரு வருஷத்தில் அது ஏழு பேருக்கு ஒருவராகிவிட்டது. அதனால் முதல் மாசம் முடிந்ததும் "அதான் விட்டாச்சே" என்று போவதை நிறுத்திவிடாதே.

என் மச்சினன் போகிறான். மூச்சைப் பிடித்து ஒரு சின்ன மெஷினில் ஊதச் சொல்கிறார்கள், உள்ளே கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று அது காட்டிவிடும், காலையில் ரெண்டு இழுத்துவிட்டு வந்து கதை விட முடியாது. வீட்டில் எங்கள் அக்கா கேட்டால் சிரித்து மழுப்புகிறவன், அந்த மெஷினுக்கு பயப்படுகிறான்! அப்புறம் அந்த நிகோட்டின் சூயிங்கம்மை பபிள்கம் மாதிரி மெல்லக் கூடாதாம். சுருக்கென்று காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கிவிட வேண்டும், காரம் அடங்கினால் மறுபடி மெல்லலாம். டீ, காபி குடித்த கையோடு போட்டால் சரியாகப் பிடிக்காது. டீக்கடையிலேயே குடியிருக்கும் உனக்கு இதுதான் கஷ்டம்.

கிளினிக் தூரம் என்றால் முதலில் போன் பண்ணிப் பார், புகை நிறுத்த உதவும் நம்பர் உன் சட்டைப் பையில் இருக்கும் சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது: 1800-11-2356, காசு கிடையாது.

கோமதிக்கு முட்டிவலி இப்போது எப்படி? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

பாலு