கான்கிரீட் போடும் முன்பே விளக்கைத் தீர்மானிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குமரி மாவட்டத்தில் ஓட்டு வீடுகள் நின்ற இடங்களில் கான்கிரீட் வீடுகள் எழுந்துவரும் இந்நாளில், தரைக்கு எந்தக் கல், கதவுக்குத் தேக்கா அயினியா என்று மாதக்கணக்கில் அலைகிறவர்கள், எந்த அறையில் எங்கே எப்படிப்பட்ட விளக்கு வேண்டும் என்பதை மட்டும் வயரிங் செய்பவரின் வழக்கத்துக்கு விட்டுவிடுகிறார்கள். மேல்தளக் கம்பிக் கட்டுக்குள் வயர் செல்லும் பைப் போடும் அந்த ஒரு நாளிலேயே விளக்குகளின் இடம் ஏறத்தாழ நிலைத்துவிடுகிறது.

எங்கள் அடுக்களையில் நேர்ந்தது இதுதான். நடுக்கூரையில் இருந்த ஒரே டியூப்லைட், மேடை முன் நிற்பவரின் முதுகுக்குப் பின்னால் எரிந்ததால், நெத்திலி ஆயும் என் மனைவியின் கைமேல் அவருடைய நிழலே விழுந்தது. வாட்டைக் கூட்டிப் பார்த்தும் நிழல் விலகவில்லை. மேடைக்கு மேலுள்ள அலமாரியின் அடியில், முன்விளிம்பை ஒட்டி எல்.இ.டி. பட்டை ஒன்றைப் பொருத்திய பிறகே வேலை எளிதாயிற்று. அதற்கான வயரைக் கொண்டுவர, டைல்ஸ் ஒட்டிய சுவரைக் கொத்த வேண்டியதாயிற்று.

வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரத்தின் அளவே. வெளிச்சத்தைச் சொல்வது லூமென். அட்டைப்பெட்டியிலுள்ள கெல்வின் எண் ஒளியின் நிறத்தைக் குறிக்கும். படுக்கையறைக்கு 2700 முதல் 3000 வரையும், அடுக்களைக்கும் படிக்கும் மேசைக்கும் 4000-மும் பொருந்தும். நீலம் கலந்த 6500 கெல்வின் வெண்மையை வீடு முழுவதும் மாட்டுவது, என் கண்ணுக்கு, மருந்துக்கடையில் குடியிருப்பதைப் போன்றது. மாடிப்படிக்கு, ஒரே விளக்கை மேலிருந்தும் கீழிருந்தும் போட்டு அணைக்க உதவும் டூவே சுவிட்ச் கட்டாயம் வேண்டும்.

குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோர ஊர்களுக்குத் தனிக் கவலை உண்டு. இரு பருவமழையையும் காணும் நம் மாவட்டத்தில் வாசலுக்கும் முற்றத்துக்கும், தூசியும் மழைநீரும் புகாத ஐபி 65 தர விளக்கு நல்லதுதான். ஆனால் அந்த எண் தூசியையும் நீரையும் பற்றியதே அன்றி, உப்புக்காற்றின் துருவைப் பற்றியதன்று. எங்கள் வாசல் விளக்கு உள்ளே நனையாமல் எரிந்துகொண்டிருக்க, அதைச் சுவரோடு பிடித்திருந்த இரும்புத் திருகுகள் தூளாக உதிர்ந்து, விளக்கு வயரில் தொங்கியது. எவர்சில்வர் திருகுகளைத் தனியே வாங்கிக் கொடுத்துவிடுவது நலம்.

வீட்டு வரைபடம் தயாரிக்கும் பொறியாளர்கள் விளக்குப் புள்ளிகளையும் அதில் குறித்து, கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள், அடுக்களையில் நிற்கப்போகிறவரையே தளத்துக்கு அழைத்துக் காட்டி ஒப்புதல் பெற வேண்டுமென இக்கடிதத்தின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குளச்சல் வாசகர் ஒருவர்