ஜீப் வாங்கிவிட்டேன் மச்சான்

தலவாக்கலை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தியாகு,

ஜீப் வாங்கிவிட்டேன். வட்ஸ்அப்பில் போட்டால் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய், அதனால்தான் பேப்பர் எடுத்து எழுத உட்கார்ந்தேன். வத்தளையில் எல்லோரும் சுகம்தானே? இங்கேயும் சுகம். சாந்தி மட்டும் என்னோடு பேசுவதில்லை. கூரைத் தகரம் மாற்ற ஒதுக்கி வைத்த காசில் வாங்கியது. மழை ஒழுகும் இடத்தில் சட்டியை வைத்துவிட்டு, "ஜீப்பைக் கொண்டுவந்து இதுக்குக் கீழே நிறுத்தச் சொல்லுங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள்.

மிட்சுபிஷி மச்சான். ஃபோர் டி ஆர் ஃபைவ் டீசல் எஞ்சின், ஸ்ரீ நம்பர், கென்வஸ் கூடாரம். வெலிமடைப் பக்கம் ஒரு மரக்கறி வியாபாரியிடம் கிடந்தது. பச்சை பெயின்டைச் சுரண்டினால் அடியில் வேறொரு பச்சை, அதற்கும் அடியில் சாம்பல். எத்தனை தோட்டத்துத் துரைமார் கைமாறி வந்ததோ. ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன், முன்பலகையில் இருக்கும் சின்னக் கம்பிச்சுருள் சிவக்கும்வரை சாவியைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். ஞாபகம் வருகிறதா? துரையின் ஜீப்பை ஓட்டிய காலத்தில், பங்களா வாசலில் மாமா, உன் அப்பா, அப்படிப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது நாம் இரண்டு பேரும் மதிலில் உட்கார்ந்து சத்தமாக எண்ணுவோம்.

மெக்கானிக் நிஹால் பாஸைக் கூட்டிக்கொண்டுதான் போனேன். நீ நினைக்கிற அளவுக்கு நான் மோசமில்லை. எஞ்சின் ஓடும்போதே ஒயில் மூடியைக் கழற்றி, அந்த வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கையைத் தள்ளிக்கொண்டு புகை வந்தால் பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று அர்த்தமாம். பிறகு ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து, அடிச்சட்டத்தை, அதுதான் செஸியை, முன்னாலிருந்து பின்னால்வரை தட்டிக்கொண்டே போனார். 'டங்' என்று கேட்ட இடத்தில் பேசாமல் நகர்ந்தார். 'பொத்' என்று கேட்ட இடத்தில் நிமிர்ந்து வியாபாரியின் முகத்தைப் பார்த்தார். ஒவ்வொரு 'பொத்'துக்கும் விலை இறங்கியது. இன்னும் நாலு இடத்தில் துருப்பிடித்திருந்தால் கூரைத் தகரத்துக்கும் காசு மிஞ்சியிருக்கும்.

மகன் கவினுக்கு இது பெரிய மானப் பிரச்சினை. கண்டியிலிருந்து போன் எடுத்து ஒரு மணித்தியாலம் கத்தினான். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள், ஒரு சின்ன ஹைபிரிட் காரை லீசிங்கில் எடுப்பதை விட்டுவிட்டு அருங்காட்சியகச் சாமானை ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டான். லீசிங்கைக் கட்டுவது யார் என்று நான் கேட்டதும் லைன் கிளியர் இல்லாமல் போய்விட்டது. அதோடு விட்டானா? மிட்சுபிஷி கம்பனியின் வண்டவாளம் முழுவதையும் தேடி எடுத்து, தினம் இரவு ஒன்று என்ற கணக்கில் எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறான். வாத்தியாருக்கே வீட்டுப்பாடம்! நானும் விடாமல் படித்தேன். இப்போது அவனைவிட எனக்குத்தான் அதிகம் தெரியும்.

கப்பல் கம்பனியாக 1870இல் தொடங்கியவர்கள் மச்சான். 1917இல் கோபே கப்பல் தளத்தில் இத்தாலியின் ஃபியட் காரைப் பார்த்து 'மாடல் ஏ' என்று ஒன்று செய்தார்கள். ஜப்பானில் வரிசையாகத் தயாரித்த முதல் கார் அதுதான் என்கிறார்கள். வரிசை என்றால் பெரிய வரிசை இல்லை, கையால் செய்த 22 கார், அவ்வளவுதான். விற்கவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அப்புறம் யுத்தம். ஸீரோ என்ற சண்டை விமானம் இவர்கள் வடிவமைத்தது. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட வந்த படையில் அந்த ஸீரோக்களும் வந்தன. "ஜப்பான்காரன் குண்டு போட்ட வருசம்" என்று எங்கள் தாத்தா பிறந்தநாள் கணக்குச் சொல்வாரே, அதே வருடம்தான். தோற்ற பிறகு அமெரிக்காக்காரன் அந்தப் பெரிய கம்பனியைத் துண்டு துண்டாகப் பிரித்தான். பிரித்தவனுடைய வில்லிஸ் ஜீப்பையே லைசன்ஸ் எடுத்து 1953இலிருந்து பூட்டத் தொடங்கினார்கள். 1998 வரைக்கும் நிறுத்தவே இல்லை! என் வாசலில் நிற்பது அந்தப் பரம்பரை. மிட்சுபிஷி மோட்டர்ஸ் என்று தனிக் கம்பனி வந்தது 1970இல்தான், ஜீப்புக்குப் பிறகு. இதைக் கவினிடம் சொன்னேன், "அதனால என்ன அப்பா" என்றான். இந்தப் பிள்ளைகளுக்கு எதிலும் ஒரு பிரமிப்பு கிடையாது.

பாலைவனத்தில் ஓடும் டக்கார் ரேஸ் என்றால் மட்டும் அவனுக்கும் வாய் திறக்கும். மிட்சுபிஷியின் பஜெரோ பன்னிரண்டு முறை ஜெயித்திருக்கிறது. 2001இலிருந்து 2007வரை தொடர்ந்து ஏழு தடவை, வேறு யாருக்கும் இடமே கொடுக்கவில்லை. அந்த 2001இல் ஜெயித்தது ஒரு ஜெர்மன் பெண், யூட்டா கிளைன்ஷ்மிட். சாந்திக்குக் கேட்கட்டும் என்று இதைச் சத்தமாக வாசித்தேன். "அவ வீட்டுக் கூரை ஒழுகாம இருந்திருக்கும்" என்று பதில் வந்தது, சுவருக்கு.

நம் ஆட்களிடமும் விசாரித்தேன். மிட்சுபிஷி வண்டி வைத்திருப்பவனிடம் கருத்துக் கேட்டால் அன்றைக்கு வேறு வேலை நடக்காது. நம் குண்டு மூர்த்தி இன்னும் அந்த எல் 300 வேனைத்தான் ஓட்டுகிறான். எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில். கினிகத்தேனை ஏற்றம் ஏறும்போது தொடை வேகும் என்று திட்டுகிறான். ஆனால் டிசம்பரில் நுவரெலியா ஹயர் போனால் அந்தச் சீட்டுக்குத்தான் அடிபிடியாம். தண்ணீர் குறைந்ததைக் கவனிக்காமல் ஏற்றத்தில் மிதித்தால் சிலிண்டர் ஹெட் வெடிக்கும். அது அந்த 2.5 லீட்டர் எஞ்சினின் சாபக்கேடு. அதில் சைலண்ட் ஷாஃப்ட் என்று ஒன்று இருக்கிறது, எஞ்சின் அதிர்வைக் குறைப்பதற்கு. போர்ஷே கம்பனியே மிட்சுபிஷியிடம் லைசன்ஸ் எடுத்துத் தன் காரில் போட்ட நுட்பம் அது. ஆனால் அதை ஓட்டும் சின்ன பெல்ட் அறுந்தால் பக்கத்தில் இருக்கும் டைமிங் பெல்ட்டையும் இழுத்துக்கொண்டு போகும், அத்தோடு எஞ்சின் காலி. அதனால் நிஹால் பாஸ் வருகிற வேனிலெல்லாம் அந்தச் சின்ன பெல்ட்டைக் கழற்றிவிடுகிறார். "கொஞ்சம் ஆடும், ஆனா வீட்டுக்குப் போய்ச் சேரலாம் மாஸ்டர்" என்றார். போர்ஷேக்காரன் காசு கொடுத்து வாங்கியது அவருடைய கராஜில் ஒரு சாக்குக்குள் கிடக்கிறது.

பேங்க் சுந்தரம் கண்டியில் அவுட்லேண்டர் வைத்திருக்கிறார், கரண்டில் சார்ஜ் போடுகிற வகை. நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கம் இறங்கும்போது ஸ்டியரிங் பக்கத்தில் காது மாதிரி இருக்கும் லீவரைத் தட்டித் தட்டி, வண்டியின் வேகத்தையே பிடித்து பெட்டரிக்குள் அனுப்புகிறாராம். இறக்கத்தில் எண்ணெய் சம்பாதிக்கிறேன் என்று பெருமை. விற்கப் போனால் டொயோட்டா விலை கிடைக்காது என்ற கவலையும் அவருக்குத்தான் அதிகம். லான்சர் வைத்திருக்கிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்: ஓடும்போது சொர்க்கம், விற்கும்போது டொயோட்டாதான் வேண்டும்.

சரி, விளையாட்டு போதும். இதை எழுதத்தான் பேப்பரை எடுத்தேன்.

கவின் அனுப்பியதில் 2000ஆம் ஆண்டு விஷயம் ஒன்று இருந்தது. வாகனத்தில் குறை இருக்கிறது என்று வாடிக்கையாளர் சொன்ன முறைப்பாடுகளை அரசாங்கத்துக்குக் காட்டாமல் இந்தக் கம்பனி ஒளித்து வைத்திருந்தது. ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை மச்சான், 1977இலிருந்து. பிடிபட்ட பிறகும் முழுவதையும் சொல்லவில்லை. 2002 ஜனவரியில் யோகஹாமாவில் அவர்களுடைய ஒரு லொறியின் முன்சில்லு கழன்று உருண்டு போய், பிள்ளைகளோடு தெருவோரம் நடந்துபோன ஒரு தாயை அடித்தது. அவள் இறந்துவிட்டாள். 29 வயது. சொந்தக்காரன் சரியாகப் பராமரிக்கவில்லை என்றுதான் கம்பனி சொன்னது. அதே வருடம் ஒக்டோபரில் யாமகுச்சியில் இன்னொரு லொறி. கிளட்ச் பெட்டி உடைந்து, பிரேக் வேலை செய்யாமல் போய், டிரைவர் இறந்தார். 2004இல்தான் குறை எங்களுடையது என்று ஒப்புக்கொண்டார்கள். பழைய தலைவருக்கே 2008இல் நீதிமன்றம் குற்றத்தீர்ப்புக் கொடுத்தது.

யாமகுச்சி டிரைவரைப் பற்றிப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உனக்குக் காரணம் தெரியும்.

மாமாவின் ஜீப்பில் கம்பனிக் குறை இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அது பழைய வண்டி. பிரேக் குழாய் துருப்பிடித்து, ரப்பர் தேய்ந்து போனது. ஆனால் சொன்னாரே! வண்டியின் தினசரி ஓட்டத்தை எழுதும் ரன்னிங் சார்ட்டில் எத்தனை தடவை எழுதினார் என்று நீதானே என்னிடம் சொன்னாய். "பிரேக் இறங்குது", "பிரேக் இறங்குது". ஒபீஸில் கையெழுத்து விழும், சாமான் வராது. ஆறாம் நம்பர் மலை வளைவில் நடந்ததற்கு அப்புறம் விசாரணை என்று நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள், அந்தச் சார்ட்டை எடுத்து மேசையில் வைக்கவே இல்லை. சாரதியின் கவனயீனம். ஒரு வரியில் முப்பது வருட வேலையை முடித்துவிட்டார்கள். துரைக்கு நெற்றியில் ஒரு கீறல். மாமாவுக்கு அதற்குப் பிறகு யாரும் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. கடைசிக் காலத்தில் பஸ்ஸில் போனால்கூட டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, இறக்கத்தில் வெறும் தரையைக் காலால் அமத்திக்கொண்டே வருவார்.

இன்றைக்கும் ரதல்ல குறுக்கு வீதியில் ஒரு வண்டி விழுந்தால் மறுநாள் பேப்பரில் அதே வார்த்தைதான். பல தடவை அது உண்மையாகவும் இருக்கலாம். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிற மடையன்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த டிரைவர் முந்தின வாரம் முதலாளியிடம் என்ன சொன்னான் என்று யாராவது போய்க் கேட்டார்களா? ஜப்பானில் பொலிஸ் கேட்டது. கம்பனியின் பேப்பரைத் தோண்டி எடுத்தது. அதைப் படித்தபோது எனக்கு ஜப்பான்காரன்மேல் கோபம் வந்ததைவிட, நம்முடைய ஊரில் யாரும் ஒரு கொப்பியைக்கூடத் தோண்டவில்லையே என்றுதான் வயிறு எரிந்தது.

கவினிடம் மாமா கதையை இந்த முறைதான் முழுதாகச் சொன்னேன். வளைவு வரைக்கும் வாய்க்கு வாய் பேசிக்கொண்டிருந்தவன் பிறகு பேசவில்லை. கடைசியில், "அந்தச் சார்ட் இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டான். அதுதான் உன்னிடம் கேட்க வேண்டும். ஒபீஸுக்குக் கொடுத்ததைத் தவிர மாமா தனக்கென்று கறுப்பு மட்டைக் கொப்பியில் ஒரு நகல் எழுதுவார். அத்தை அதை டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். கொழும்புக்கு வீடு மாறும்போது வந்ததா? இருந்தால் போட்டோ எடுத்து அனுப்பாதே, கையோடு கொண்டு வா. திகதி திகதியாக எழுதி எடுக்க வேண்டும். அத்தைக்குச் சேர வேண்டிய சேவைக்காலப் பணத்தில் வெட்டினார்களே, அதை இப்போது கேட்க வழி இருக்கிறதா என்று ஹட்டனில் ஒரு சட்டத்தரணியிடம் பேசி வைத்திருக்கிறேன். காலம் கடந்துவிட்டது என்று முதலிலேயே சொன்னார். இருந்தாலும் பேப்பரைப் பார்க்கிறேன் என்றார். நீ வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன், உன் அப்பா, உன் முடிவு. ஆனால் வேண்டாம் என்று சொல்வதற்கு முன் அத்தையிடம் ஒரு வார்த்தை கேள்.

இன்னொரு வேலை. ஒரு நாள் பஞ்சிகாவத்தைக்குப் போய் வா. பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் கிட், நாலு சில்லுக்கும் வீல் சிலிண்டர், பிரேக் ஹோஸ். நிஹால் பாஸ் அளவு எழுதிக் கொடுத்த துண்டை இதோடு வைத்திருக்கிறேன். பழையதைக் கழுவி உறையில் போட்டுத் தருவான்கள், பார்த்து வாங்கு. அது வரும்வரை ஜீப்பை வாசலை விட்டு நகர்த்துவதில்லை என்று பாஸ் சாவியைத் தன் கராஜிலேயே மாட்டி வைத்துவிட்டார். சாந்திக்கு அவர்மேல் திடீரென்று பெரிய மரியாதை.

குண்டு மூர்த்தியின் மகளுக்கு மாசியில் கல்யாணம், உனக்கும் பத்திரிகை வரும். காசை நீ வரும்போது தருகிறேன். செல்லையா கடைக் கணக்கில் எழுதிவிடாதே.

உன்,
மோகன்