நமைச்சலைச் சூடு என்று சொல்லி மறைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மகளிர் பகுதியில் கர்ப்பிணிகளின் உணவு, உறக்கம், நடைப்பயிற்சி பற்றியெல்லாம் எழுதி வருகிறீர்கள். கர்ப்ப காலத்தில் பிறப்புறுப்பில் உண்டாகும் அரிப்பைப் பற்றி மட்டும் வீட்டிலும் சரி, பத்திரிகையிலும் சரி, யாரும் வாய் திறப்பதில்லை. என் வீட்டில் நடந்ததைச் சொல்லி, இதைப் பற்றித் தாங்கள் வெளிப்படையாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம்.

என் மருமகள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தாராவிக்கு வாழ வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. தலைப்பிள்ளை. ஆறாம் மாதத்தில் அவளுக்கு நமைச்சல் தொடங்கியது; மூன்று வாரம் என்னிடம்கூடச் சொல்லவில்லை. ஊரிலுள்ள தாயிடம் தொலைபேசியில் சொன்னதற்கு, "உடம்புச் சூடுதான், இளநீர் குடி, வெந்தயம் ஊறப்போட்டுச் சாப்பிடு" என்று பதில் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் வெந்நீரில் டெட்டால் ஊற்றிக் கழுவச் சொன்னாள். கழுவக் கழுவ எரிச்சல்தான் கூடியது. என் மகன் மருந்துக்கடையில் வாய்மொழியாகக் கேட்டுப் படைக்குப் போடும் களிம்பு ஒன்றை வாங்கி வந்தான். பரிசோதனைக்குப் போன நாளில் மருத்துவரிடம் அவள் சொன்னது "குஜ்லி" (இந்தியில் அரிப்பு) என்ற ஒரே ஒரு சொல். அதையும் கூச்சத்தில் வயிற்றின்மேல் கை வைத்தபடி சொல்லியிருக்கிறாள். வயிறு விரிவதால் தோலில் வரும் அரிப்பு என்று எண்ணிய மருத்துவர், தடவிக்கொள்ள லோஷன் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அவ்வளவு கூட்டத்தில் அவர் வேறு எதை ஊகித்திருக்க முடியும்? ஆனாலும் "வேறெங்காவது அரிக்கிறதா, வெள்ளைப்படுகிறதா?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அடுத்த முறை நான் உடன் சென்றேன். பெண் மருத்துவர் ஒருவர் பரிசோதித்து, அது பூஞ்சைத் தொற்று என்றார். கேண்டிடா என்னும் அந்தப் பூஞ்சை பல பெண்களின் உடலில் தொந்தரவின்றி இருப்பதுதான். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் மிகுவதால் பிறப்புறுப்பின் உட்சுவரில் கிளைக்கோஜன் என்னும் மாச்சத்து சேர்ந்து அது பெருக வசதியாகிவிடுகிறது என்று விளக்கினார். தயிர்த் திப்பி போல வெள்ளைப்படுதல், வாடை அதிகமில்லாமை, கடும் நமைச்சல், சிறுநீர் கழிக்கையில் புண்ணில் பட்டது போன்ற எரிச்சல் ஆகியவை இதன் அடையாளங்கள். கர்ப்பத்தில் வெள்ளைப்படுதல் இயல்பாகவே கூடும் என்றாலும், அந்த இயல்பான நீர் அரிக்காது, நாறாது. குளோட்ரிமசோல் என்ற மருந்தை, உள்ளே வைக்கும் மாத்திரையாக 7 நாள் தந்தார். இடையில் நமைச்சல் நின்றாலும் 7 நாளும் வைக்க வேண்டும் என்றார். விழுங்கும் ஃப்ளூகோனசோல் மாத்திரையைக் கர்ப்பிணிகள் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். மகன் வாங்கிய களிம்பில் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருந்தது. அது நமைச்சலைச் சிறிது அடக்கி, தொற்றை உள்ளே வளரவிடும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இந்தத் தொற்று திரும்பத் திரும்ப வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் குளுக்கோஸ் 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை என்று கொள்கிறார்கள். என் மருமகளுக்கு அது இல்லை.

எல்லா அரிப்பும் பூஞ்சையால் வருவதில்லை. வெள்ளைப்படுதல் மீன் வாடையுடன் சாம்பல் நிறத்தில் நீர்த்துப் போனால் அது பாக்டீரியாவால் வருவது; குறைப்பிரசவத்தோடு அதற்குத் தொடர்பு உண்டு. மஞ்சளும் பச்சையுமாக நுரைத்துப் போனால் கணவனுக்கும் சேர்த்து மருந்து தர வேண்டிய தொற்றாக இருக்கலாம். வாசனைச் சோப்பும், நாள் முழுவதும் வைத்திருக்கும் நாப்கின் பட்டையும், நைலான் உள்ளாடையும்கூட அரிப்பைத் தரும். டெட்டால் ஊற்றுவதும் உள்ளே பீய்ச்சிக் கழுவுவதும் நன்மை செய்யும் கிருமிகளை அழித்துவிடுகின்றன. வெறும் தண்ணீரே போதும்.

மும்பை மழைக்காலத்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. பத்துக்குப் பத்து அறையில் கொடியில் கிடக்கும் உள்ளாடை மூன்று நாளானாலும் காய்வதில்லை, ஈரத்தோடு உடுத்துகிறோம். பொதுக் கழிப்பறையில் வரிசை நிற்க அஞ்சித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் கர்ப்பிணிகளை நான் அன்றாடம் பார்க்கிறேன். சிறுநீர்த் தொற்றும் எரிச்சலும் அவர்களுக்கு வராமல் என்ன செய்யும்? மருமகளுக்குப் பருத்தி உள்ளாடை கூடுதலாக நான்கு வாங்கி, இஸ்திரி போட்டு உலர்த்திக் கொடுக்கிறேன்.

இன்னொன்றையும் கட்டாயம் அச்சிட வேண்டுகிறேன். கடைசி மூன்று மாதத்தில் தடிப்போ புண்ணோ இல்லாமல் உள்ளங்கை, உள்ளங்கால் அரித்து, இரவில் தூங்கவிடாமல் செய்தால், அது ஈரலில் பித்தநீர் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். "பிள்ளைக்கு முடி முளைக்கிறது, அதனால்தான் அரிக்கிறது" என்று நம் வீடுகளில் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். பித்த அமிலம் மிக அதிகமானால் வயிற்றிலுள்ள குழந்தையின் உயிருக்கே ஆபத்து உண்டு. அன்றைக்கே இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

எனவே நான் கேட்பது இரண்டு. மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளிடம் எடையும் இரத்த அழுத்தமும் பார்க்கும்போதே வெள்ளைப்படுதலையும் அரிப்பையும் பற்றிக் கேட்கும்படி தங்கள் இதழ் வலியுறுத்த வேண்டும். மாதந்தோறும் 9ஆம் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் நடக்கும் இலவசக் கர்ப்பிணிப் பரிசோதனையில் இதைத் தொடங்கலாம். அடுத்து, தமிழ் மட்டுமே அறிந்த பெண்களுக்காக, மருத்துவரிடம் சொல்ல வேண்டிய சில சொற்களைக் கட்டம் கட்டி வெளியிட வேண்டும்: வெள்ளைப்படுதலை இந்தியில் "சஃபேத் பானி" என்றும், மராத்தியில் "அங்காவரூன் பாண்ட்ரே ஜாணே" என்றும் சொல்வார்கள், அரிப்பு இந்தியில் குஜ்லி, மராத்தியில் காஜ். எந்த இடத்தில் என்பதைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டினாலும் போதும். என் மருமகள் இரண்டாம் முறை அப்படித்தான் செய்தாள். தாளைப் படித்த மருத்துவர் உடனே திரைக்குப் பின்னால் அழைத்துச் சென்றார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாராவி, மும்பை.