குழந்தைக்குப் பக்கத்தில் தாய்க்கும் ஒரு கட்டில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வருடம் என் மகளுக்கு எட்டாம் மாதத்திலேயே பிரசவமாகி, குழந்தையைப் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். தையல் ஆறாத வயிற்றோடு அவள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு மாடி ஏறி வந்து, பால் எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி இறங்கிப் போவாள். உள்ளே ஒரு நாற்காலி போடக்கூட இடமில்லை. மருமகன் வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தார். நர்சுகளைக் குறை சொல்லமாட்டேன், பாவம், ஓடிக்கொண்டேதான் இருந்தார்கள். அறையைக் கட்டும்போதே தாயை யாரும் நினைக்கவில்லை, அதுதான் என் ஆதங்கம்.

டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட்டிருக்கிறார்கள். அந்த மருத்துவமனையும் சேர்ந்து ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. எடை குறைந்த குழந்தைகளைப் பிறந்ததுமே தாயின் மார்போடு அணைத்து வைத்ததில், வழக்கமான முறையைவிட முதல் 28 நாள் இறப்பு சுமார் 25 சதவீதம் குறைந்திருக்கிறது.

இனி கட்டும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் வரைபடம் போடும்போதே தாய்க்குக் கட்டில், அதே தளத்தில் கழிவறை, அப்புறம் தகப்பன் உட்கார ஓர் இடம் வேண்டும் என்று அரசு உத்தரவு போடட்டும்.

ஒரு பாட்டி,
திருச்சி